ஒற்றைக்குழி அச்சு

ஈயக்குண்டு வார்க்க, கோவில்பட்டி லேத்துப் பட்டறையில் இரண்டே அச்சுகள் இருந்தன. அச்சு வாங்க வந்திருந்த இன்னொருவரும் என்னைப் போலக் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த புதூர்ப் பக்கத்துச் சம்சாரி. காதில் கடுக்கன். பட்டறைக்காரர் அவருக்கு மட்டும் நாற்காலி போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. கடுக்கன்காரர் இரண்டு அச்சையும் மூடி, ஒற்றைக் கண்ணால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நீங்க முதல்ல எடுங்க அண்ணாச்சி."

பளபளத்த இரட்டைக்குழிப் பித்தளை அச்சை எடுத்துக்கொண்டேன். துருவேறிய ஒற்றைக்குழி அவருக்கு மிஞ்சியது.

"தடவைக்கு ஒரு குண்டுதானே வரும்?" என்றேன்.

"பன்னிக்கும் ஒண்ணு போதும்லா."

வீட்டில் வார்த்தால், குண்டுக்குக் குண்டு ஓரத்தில் பிசிறு. அச்சின் பாதிகள் சரியாகச் சேரவில்லை. இன்றும் அரம் வைத்து ராவுகிறேன், வயிறு எரிகிறது. அன்று இந்த அச்சின் இடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தானே என்னை முதலில் எடுக்கச் சொன்னார்?