வெள்ளைப் பெட்டிக்குள் கேட்ட மூச்சு

நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக வெப்பமானி பார்த்து எழுதுவதுதான் என் வேலை. எது தெரிகிறதோ அதை எழுதுவேன், அவ்வளவுதான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

மைசூரில் விஜயநகர் தாண்டி ஒரு பண்ணை, அதற்குள் வேலி போட்ட சின்னத் திடல். நடுவில் நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி, காற்று போய்வரப் பக்கமெல்லாம் சாய்வுப் பட்டைகள், முன்னால் ஒரு சின்னக் கதவு, உள்ளே வெப்பமானிகள். தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்று பார்த்து எழுத வேண்டும்.

அது ஐப்பசி முடிகிற சமயம். மழை நின்று, காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, காலையில் சாமுண்டி மலையே தெரியாத அளவுக்கு மூடுபனி. ஆனால் குளிர் மட்டும் வந்தபாடில்லை, ராத்திரியெல்லாம் புழுக்கம். இப்படிப் பருவம் மாறுகிற நாட்கள்தான் என் மனைவி மல்லிகாவுக்கு ஆகாது. வீசிங். மூன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விசில் மாதிரி இழுப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் விடியற்காலையில் கொஞ்சம் தணிந்து தூங்கினாள். மண்டி மொஹல்லா வீட்டை வெளியே பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். கண் எரிந்தது, உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை.

பெட்டியைத் திறந்தால், ராத்திரிக் குளிரைக் காட்டுகிற கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் அளவுக் குச்சி பதினொரு டிகிரியில் நிற்கிறது. மார்கழியிலேயே எப்போதாவதுதான் அவ்வளவு இறங்கும். எனக்கோ சட்டை முதுகில் ஒட்டுகிறது. நேற்று நான்தான் ஏதோ தப்பாக வைத்துவிட்டேன் என்று குழாயைச் சாய்த்தேன், குச்சி நகர்ந்து இருபதுக்கு வந்தது. சாத்தினேன். மனசு கேட்காமல் மறுபடி திறந்தேன். பதினொன்று. நம்பினால் நம்புங்கள், பெட்டிக்குள்ளிருந்து ஐஸ் மாதிரி காற்று முகத்தில் அடித்தது, அதோடு ஒரு சத்தம். இழுத்து இழுத்து, விசில் மாதிரி. மூன்று ராத்திரியாகக் கேட்ட அதே மூச்சு.

கதவைச் சாத்திவிட்டேன்.

கன்னடம் கலந்து பேசுகிற காவலர் நாகராஜு வந்தார். "ஏனாய்து சார்? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"உள்ள ஏதாச்சும் சத்தம் கேக்குதா பாருங்க."

திறந்து, காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லே சார். ராத்திரியெல்லாம் தூங்கலேன்னு நினைக்கிறேன். மனெக்குப் போங்கோ."

மனெ. வீடு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும்தான் மல்லிகாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு வந்தது உறைத்தது. நோட்டை அவர் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன், எந்த வழியாகப் போனேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

மல்லிகா சமையலறைத் தரையில் கிடந்தாள். உதடு நீலம். இன்ஹேலர் கை எட்டாத இடத்தில் உருண்டு கிடந்தது. தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் ஆக்சிஜன் முகமூடியை எடுத்தார்கள். அவள் முதலில் பேசியது இதுதான்.

"ஏனுங்க, நா அவ்ளோ கூப்பிட்டனே. ஒரு சின்ன வெள்ளக் கதவத் தொறந்து என்னையப் பாத்தீங்க, சாத்திட்டீங்க. மறுக்காவும் தொறந்து பாத்துட்டு சாத்திட்டீங்களே, ஏனுங்க?"

அந்தத் திடலுக்கு அவள் ஒரு நாளும் வந்ததில்லை. பெட்டியைப் பற்றி நான் வீட்டில் பேசியதும் இல்லை. அன்றைய அளவை நாகராஜு பார்த்து எழுதியிருந்தார், இருபதுதான்.

"பயந்துட்டேன் மல்லி" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது பயம் இல்லை. அவள் மூச்சுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இங்கேயுமா என்று ஒரு சலிப்பு. அதில்தான் சாத்தினேன்.

இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ராத்திரியில் மூச்சு இழுத்தால் அவள் என்னை எழுப்புவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைச் சேலையால் பொத்திக்கொள்கிறாள்.