சத்தமில்லாமல் வந்த புகை

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்பத்தூர் மேனாம்பேட்டில், ஒரே வரிசையில் நான்கு போர்ஷன் உள்ள வீட்டில் கடைசிப் போர்ஷனில் குடியிருந்தோம். முதல் போர்ஷனில் வீட்டுக்கார அக்கா. எங்கள் சுவருக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் பழைய இரும்பு வாங்கும் ஒரு காயலாங்கடை. மேலே பொது மொட்டை மாடி. அதற்குப் போகும் படி வெளியே, முற்றத்திலிருந்து ஏறும்.

என் கணவருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் மாலைதான் எழுவார்.

நான் அதிகம் பேச மாட்டேன். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. கணவர் பெயரைச் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் "ஏங்க"தான். ரேஷன் கடையில் பெயரைக் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான். ஒருத்தி "ஏங்க" என்றால் இரண்டு வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே கொசு அதிகம். எப்போதாவது ஒரு நாள் மாலையில் புகை மருந்து அடிக்க ஆள் வருவார். தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு, டர்ர்ர் என்று காது கிழிகிற சத்தத்தோடு தெருவில் நடந்து போவார். அவர் வருகிறார் என்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான். சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து நிற்போம். புகை உள்ளே போனால்தான் மூலையில் இருக்கும் கொசு சாகும். கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டுக்கார அக்கா திட்டுவார். "மருந்து தெருவுக்கா அடிக்கிறான்? உன் ஊட்டுக் கொசுவுக்குத்தான்" என்பார்.

அன்று மாலை, அடுத்த தெருவில் மருந்து அடிக்கிறார்கள் என்று அக்காதான் வந்து சொன்னார். நான் கதவையும் சந்துப் பக்கத்து ஜன்னலையும் நன்றாகத் திறந்து வைத்தேன். இவரை எழுப்ப மனம் வரவில்லை. மெஷின் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது எழுப்பிக்கொள்ளலாம் என்று, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். அக்கா அங்கே மிளகாய் வற்றலை வாரிக்கொண்டிருந்தார்.

"தோ, வந்துட்டான் பாரு" என்றார் அக்கா.

பார்த்தேன். புகை வந்துகொண்டிருந்தது. ஆனால் தெருப் பக்கமிருந்து வரவில்லை, பின்னால் சந்திலிருந்து வந்தது. காது கொடுத்துக் கேட்டேன். மெஷின் சத்தமே இல்லை.

மருந்துப் புகை வெள்ளையாக இருக்கும், மரத்து உயரத்துக்கு எழும்பும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். இது மஞ்சளும் பச்சையுமாக, காய்ந்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. மேலே எழும்பவே இல்லை. சந்துப் பக்கத்துக் குட்டைச் சுவரைத் தாண்டி, இந்தப் பக்கம் தண்ணீர் போல வழிந்து, முற்றத்துத் தரையோடு தரையாகப் பரவியது. அக்காவின் கோழிகள் கூடைக்கு அடியில் எப்போதும் எதையாவது முனகிக்கொண்டே இருக்கும். புகை கூடையைத் தொட்டது. முனகல் நின்றுவிட்டது. முருங்கை மரத்துக் கிளையில் ஒரு காகம் மட்டும் கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் வாடை மேலே வந்தது. தண்ணீர்த் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடர் வாடை. மூட்டையையே முகத்தில் கொட்டியது போல இருந்தது. தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. இது மருந்து இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கீழே அவர் பாயில், தரையோடு படுத்திருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது. அந்தப் புகை, கூப்பிட்ட விருந்தாளி மாதிரி, எங்கள் வாசற்படி ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நான் படியை நோக்கி ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே இருந்த இரண்டு மூன்று படிகள் புகையில் தெரியவே இல்லை.

"நீயும் அதுல வுழுந்துகினா அவர யாரு எழுப்பறது? இங்கிருந்தே கூப்டு."

"ஏங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏங்க" என்றேன்.

"இன்னாமே?" என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அது இவர் குரல் இல்லை. இரண்டாவது போர்ஷன்காரர், குழாயடிக்குப் போயிருந்த தன் மனைவி கூப்பிடுகிறாள் என்று நினைத்து வெளியே வந்திருக்கிறார். அக்கா அவரை மேலே வரச்சொல்லிக் கத்தினார். அவர் எப்படியோ படியேறி வந்து, பேச முடியாமல் மடங்கி உட்கார்ந்து இருமினார். மூன்றாவது போர்ஷன் பூட்டிக் கிடந்தது. எங்கள் வாசலில்தான் எந்த அசைவும் இல்லை.

அப்போதுதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். 'ங்க' சேர்க்கவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை. வெறும் பெயர். தெருவே கேட்டிருக்கும். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும்.

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. லுங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு, தீப்பிடித்த வீட்டிலிருந்து வருவது போல நன்றாகக் குனிந்து வாசலுக்கு வந்தார். குனியக் குனிய அந்தப் புகைக்குள்தான் போனார். வந்ததும் தெருப்பக்கம் திரும்பினார். புகையும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

மீண்டும் பெயரைச் சொல்லி, "குனியாத, நிமிந்து வா. மூச்ச அடக்கிகினு மேல வா" என்று கத்தினேன். வா, போ என்று அவரிடம் பேசியது அந்த ஒரு முறைதான். வந்துவிட்டார்.

மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. இருவருடைய கண்ணிலும் முகத்திலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். புகை ஊறிய பனியனையும் லுங்கியையும் கழற்றச் சொல்லித் தூர எறிந்துவிட்டு, நான் எடுக்க வந்த துணியிலிருந்தே ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தேன். தீயணைப்பு வண்டி வந்து, புகை கலைந்து, கீழே இறங்கலாம் என்று சொல்லும்வரை மாடியிலேயே இருந்தோம்.

அதற்குள் என் கணவருக்கு இருமல் குறைந்துவிட்டது. சும்மா தொண்டை எரிச்சல்தான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும், ஷிஃப்டுக்குப் போகிறேன் என்றார். அதுவரை அவர் பேச்சை நான் மறுத்ததில்லை. அன்று ஆட்டோவைக் கூப்பிட்டு இரண்டு ஆண்களையும் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, இது குளோரின் மாதிரி இருக்கிறது, வீட்டுக்கு விட முடியாது என்றார். இந்த வாயுவிலிருந்து வெளியே வந்தவுடன் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியுமாம், சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்குமாம். நல்லாத்தானே இருக்கேன் என்று சிரித்த இவருக்கு, மறுநாள் காலையில் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். ஷிஃப்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரை நான் கேட்கவில்லை.

இரண்டு பேரும் பிழைத்து, வீட்டுக்கு வந்தோம். முருங்கை மரத்தில் கீழ்க்கிளை இலைகள் மட்டும் காகிதம் போல வெளுத்திருந்தன. மேல் கிளைகள் பச்சையாகவே இருந்தன. கூடையைத் தூக்கியபோது கோழிகள் உட்கார்ந்த வாக்கில் செத்திருந்ததாக அக்கா சொன்னார். காயலாங்கடைக்கு வந்த பழைய குளோரின் சிலிண்டர் ஒன்றில், பித்தளை வால்வைக் கழற்றச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். கடைக்காரர் புகை போன திசையிலேயே ஓடினாராம். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கடையும் திறக்கவில்லை.

"எம் பேரு உனக்குத் தெரியும்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சிது எனக்கு" என்று இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார் இவர். நான் அதன் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. ஆனால் தெருவில் புகை தெரிந்தால் முதலில் கதவைச் சாத்துகிறேன். அந்த டர்ர்ர் சத்தம் காதில் விழுகிறவரை, அவர் பெயர் என் நாக்கு நுனியில் காத்திருக்கிறது.