கேஜர் ரத்தினம்

இங்கிலீஷ் பேப்பர்காரர்கள் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களை 'கேஜர்' என்று எழுதுவார்கள். தங்கவயலில் கேஜ் என்றால் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றுக்குள் ஆள் இறக்கும் இரும்புக் கூண்டு. ரத்தினத்தின் பெயர் முதன்முதலாக அப்படி அச்சில் வந்தபோது, சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த அவள் அப்பா, "எந்த ஷாஃப்ட்டு கேஜும்மா நீ?" என்று கேட்டுச் சிரித்தார். நந்திதுர்க் மண் கோர்ட்டில் அவளோடு ஆடிய எங்களுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அவள் கேஜர் ரத்தினம்தான்.

மாநில அணிக்கு ஆடியவள். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரு கார்மென்ட்ஸ் வேலைக்கு ரயில் ஏறி இறங்கியே பாதி ஆயுள் போனது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை. அவளுக்கும்தான், ஆனால் வெளியே சொல்லமாட்டாள்.

இந்த வருடம் கோலாரில் வட்டார விளையாட்டுப் புகழ் மண்டபம் திறந்தார்கள். அங்கே பலகையில் பெயர் பொறித்துக் கௌரவிக்கப்படுவோரில் 'கேஜர் ரத்தினம், கே.ஜி.எஃப்.' என்று பேப்பரில் வந்தது. அவளுக்கோ ஒரு போன்கூட வரவில்லை.

"கூப்புடாத எடத்துக்கு இன்னாத்துக்குப் போவணும் பியூலா?" என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"கேஜர் ரத்தினம்!" என்று மைக்கில் கூப்பிட்டதும் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் எழுந்து மேடையேறினார். மாரிகுப்பம் முனிரத்தினம் அண்ணன்! கேஜில் கதவு சாத்தி மணி அடித்தவர். ரத்தினம் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத விழாக்காரப் புண்ணியவான்கள் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் 'கேஜர் ரத்தினம் வீடு எது?' என்று விசாரித்திருக்கிறார்கள். நம் ஆட்களும் கேஜ்காரர் வீட்டைக் காட்டிவிட்டார்கள். சுரங்கத்தில் உழைத்ததற்கு இப்போதாவது ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று அவரும் நம்பி வந்திருக்கிறார்.

அவருக்குச் சால்வை போட்டார்கள். ரத்தினம் நின்றபடியே இருந்தாள். நான் கத்த வாயெடுத்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு பந்து போட்டுக் காட்டுங்க சார்!" என்று அறிவிப்பாளர் அவரை மேடைக்கு எதிரே இருந்த கோர்ட்டுக்கு அழைத்துப் போய், பந்தைக் கையில் திணித்தார். அண்ணன் பந்தைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் பந்து ஆடுனவன் இல்லீங்க. கேஜுல இருந்தவன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. பந்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ரத்தினம் முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து போனாள். "அந்த ரத்தினம் நான்தாங்க" என்று பந்தை வாங்கி எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. சிரிப்பு இன்னும் கூடியது. எனக்கு உயிரே போய்விட்டது. முனிரத்தினம் அண்ணன் தள்ளாடிப் போய்ப் பந்தை எடுத்துவந்து கொடுத்தார். மறுபடி எறிந்தாள். வலை மட்டும் அசைந்தது. சிரித்த வாயெல்லாம் அடைத்துக்கொண்டது.

அண்ணன் அவசர அவசரமாகச் சால்வையைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பலகையில கீற பேரு என்னுது, அத வுடமாட்டேன். சால்வ உங்களுதுண்ணா. எங்கப்பாவ ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் உசுரோட மேல கொண்டாந்து வுட்டவரு நீங்கதான?"

அவர் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளத் தோன்றாமல் அழுதுகொண்டு நின்றார். அவளே போட்டுவிட்டாள்.