அலுமாரி மேலிருந்த பால்மா பேணி

பிறக்காத பிள்ளையின் சாப்பாட்டுக்காக, பிறந்து வளர்ந்த எல்லோரோடும் மல்லுக்கட்டுவதுதான் மருத்துவிச்சி உத்தியோகம். வீடு வீடாக ஏறி இறங்கிப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாராயிருந்தாலும் என் பாடு விளங்கும். ஆகவே உங்களிடம்தான் சொல்லி ஆற முடியும்.

எத்தாளைக் கடற்கரைக் கிராமத்து மணலில் என் ஸ்கூட்டி ஓடிய தூரத்தைவிட நான் அதைத் தள்ளிய தூரம் அதிகம். அப்படித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த வீடுகளில் ஒன்று ரிஸ்மியாவுடையது. அப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். மூத்தவன் பிறந்தபோது இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பால் இல்லையென்று வீட்டார் சூப்பிப் போத்தலைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் தாயிடம் வாய் வைக்கவே இல்லை. அதையெல்லாம் என்னிடம் சொன்னது ரிஸ்மியாதான். "இந்தப் பிள்ளைக்காவது நான் பால் குடுக்கோணும் மிஸ்."

மிதவை

முதல் நாளே கண்ணில் பட்டது அலுமாரி மேலிருந்த பால்மா பேணி, கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மாத் தகர டின். புத்தம் புதிது, சீல் உடைக்கவில்லை. வாங்கி வைத்தது ரிஸ்மியாவின் மாமி, அதாவது அவள் கணவன் நவாஸின் தாய். பிறக்கப்போகும் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று கேட்டேன். இது கையெட்டும் தூரத்தில் இருந்தால், பிள்ளை அழுத முதல் அழுகைக்கே கை தானாக அங்கே போகும் என்றும் சொன்னேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூத்த பேரன் பசியில் கதறியதைக் கேட்டவர் அவர், நான் அல்ல. "கடலுக்குப் போறவன் மிதவை கொண்டு போறல்லயா மிஸ்? அதுபோலதான் இது."

பொம்மையும் போளையும்

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு வைப்போம். கணவன்மாரையும் கூப்பிடுவோம். பெரும்பாலும் வர மாட்டார்கள், நவாஸ் வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பழகக் கொடுத்த பொம்மையை, பெரிய பாரை மீனைச் செவுளில் பிடிப்பதுபோல் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். கூடியிருந்த பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

பிறகு, பிள்ளை பிறந்தவுடன் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட வேண்டும், முதல் மணித்தியாலத்திலேயே பால் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். முதலில் வருகிற மஞ்சள் பால் பழுதில்லை, பீச்சி ஊற்றக் கூடாது. அது கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் பிள்ளையின் வயிறே இவ்வளவுதான் என்று, பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்றை எடுத்துக் காட்டினேன். நவாஸ் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப மூத்தவனுக்குப் பால் இல்லாமப் போகல்ல. நாங்கதான் பொறுக்கல்ல, என்ன மிஸ்?"

பால்சுறா

அன்றிலிருந்து மனிதர் ஆயத்தத்தில் இறங்கிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவென்று பால்சுறா மீனை வறை வறுத்துக் கொடுப்பது எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நவாஸ் அதை இரண்டு மாதம் முந்தியே தொடங்கினார். கண்டக்குழிக் கரையில் பால்சுறா ஏறினால் முதல் ஆள் அவர்தான். காலையில் புட்டோடு சுறா, பகலில் சோற்றோடு சுறா. ரிஸ்மியா எனக்குப் போன் எடுத்து அழாத குறையாகச் சொன்னாள். "மிஸ், இன்னும் ஒரு கிழமை இப்புடிப் போனா பிள்ளைக்குச் செட்டை முளைச்சிரும்."

மூன்றாம் நாள்

பெண் பிள்ளை, சுகப் பிரசவம். ஆஸ்பத்திரியில் முதல் மணித்தியாலத்திலேயே பால் குடித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் போனபோது, அழுகைச் சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. உள்ளே ரிஸ்மியாவும் அழுதுகொண்டிருந்தாள். அடுப்பில் கேத்தல் கொதித்தது, பேணி மாமியின் கையில்.

பிள்ளையைச் சரியாகத் திருப்பி, முலைக்காம்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கறுப்பையும் வாய் நிறையக் கவ்வ வைத்தேன். அழுகை அடங்கியது. ஆனாலும் மாமி பேணியைக் கீழே வைக்கவில்லை. பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறாள் என்று எப்படி நம்புவது என்றார். நான் வாதாடவில்லை. இன்றைக்குப் பிள்ளை நனைத்த துணி எத்தனை என்று மட்டும் கேட்டேன். அதெல்லாம் தோய்த்துப் போட்டவர் அவரேதான். வாசலுக்குப் போய்க் கொடியைப் பார்த்தார். விரல் நீட்டி எண்ணினார், திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். உள்ளே வந்து பேணியை அலுமாரி மேல் வைத்தார். "குடிக்காத பிள்ளைக்கு இவ்வளவு மூத்திரம் எங்கேந்து மிஸ் வரும்?"

பால்டீ

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்து, நான் பார்க்கப் போன அன்று பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள். ரிஸ்மியாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். எப்போதும் பிளேன்டீ கிடைக்கிற அந்த வீட்டில் அன்று பால்டீ வந்தது. நல்ல ருசி. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்தப் பேணிக்குத் திகதி முடியப் போகுது மிஸ், வீசவும் மனமில்ல. இண்டைக்கு உங்களுக்காகத்தான் உடைச்ச."

ஆக, பால்மாவுக்கு எதிராக இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்திய நான்தான், அந்தப் பேணியிலிருந்து முதலில் குடித்தவளும், இன்னும் வேண்டும் என்று கேட்டவளும்.