வெறுமையாய் வந்த போத்தல்

ஈரப் பால்பைகள் காற்றில் படபடக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் குடியிருந்த ஐந்தாம் மாடி வீட்டின் பல்கனியில், பால் வந்த பிளாஸ்ரிக் பைகளை அம்மா கழுவி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். காய்ந்ததும் ஒன்று முருங்கைக்காயோடு பிரீசருக்குள் போகும், இன்னொன்று என் பாண் துண்டுகளோடு பள்ளிக்கூடம் போகும். கோப்பை கழுவும் 'சோப்புத் தண்ணி' முடிந்தால் போத்தலுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி இன்னும் ஒரு கிழமை ஓட்டுவார். தமிழ்க்கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே வெறும் போத்தலைக் கொண்டுபோவார். கடைக்கார அண்ணையும் முகம் சுளிக்காமல் பெரிய தகர 'ரின்'னிலிருந்து நல்லெண்ணெய் வார்த்துக் கொடுப்பார். "எறியிறதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்பார் அம்மா. எனக்கோ வெட்கத்தில் உயிர் போகும்.

எங்களுக்கு இரண்டு மாடி கீழே நசீமா அன்ரி இருந்தார். அவர்களும் யாழ்ப்பாணம்தான், தொண்ணூறில் எங்கள் தமிழ் இயக்கத்தாலேயே ஊரை விட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. அதைப் பற்றி அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எந்த முகத்தோடு கேட்பது என்ற கூச்சம்தான் அது என்று இப்போது விளங்குகிறது. பேச முடியாததற்குப் பதிலாக இருவருக்கும் நடுவே ஒரு போத்தல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மூடி போட்ட, அகன்ற வாயுள்ள, அன்ரியின் கண்ணாடிப் போத்தல். முதல்முறை மாசிக் கருவாட்டுச் சம்பலோடு மேலே வந்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. ஆகவே அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை நிரப்பிக் கீழே அனுப்பினார். நோன்பு மாதத்தில் அது கஞ்சியோடு ஏறியது. "உங்களுக்கெண்டு மாட்டிறைச்சி போடாமல் காய்ச்சினனான், தங்கச்சி" என்றார் அன்ரி. போத்தல் வரும் நாளில் அன்ரியும் கூடவே வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அப்பா இரண்டு வேலைக்கு ஓடித் திரிந்த அந்த நாட்களில், அம்மா வாய்விட்டுச் சிரித்தது நசீமா அன்ரியோடு இருக்கும்போது மட்டும்தான்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் 'நீலப்பெட்டி'க் காய்ச்சல் பிடித்தது. போத்தல், ரின், கடதாசி எல்லாவற்றையும் குப்பையில் போடாமல் நீலப்பெட்டியில் போட்டால் பூமி பிழைக்கும் என்று ரீச்சர் சொல்ல, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் எழும்பித் தாங்கள் போட்டவற்றைப் பெருமையாக ஒப்புவித்தார்கள். என் முறை வந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எறிவதற்கு எதுவுமே இருக்கவில்லை! ஜாம் போத்தலில் கடுகு, ஐஸ்கிரீம் டப்பாவில் உழுந்து, கடதாசிப் பைகூட மடித்து மெத்தைக்குக் கீழே. பூமியைக் காப்பாற்றாத ஒரே பிள்ளை நான்தான் என்று வகுப்பு முழுக்க நினைக்கிறது போலிருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது, கழுவிக் கவிழ்த்திருந்த போத்தல்களில் பெரியதாய்ப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கட்டடத்துக்குக் கீழே வைத்திருந்த நீலத் தொட்டிக்குள் போட்டேன். அது உடைந்த சத்தம் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரீச்சர் என் சட்டையில் ஒரு பச்சை நட்சத்திரம் ஒட்டிவிட்டார்.

பின்னேரம் அம்மா சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். "நசீமாக்கான்ர போத்தலைக் கண்டனியே?"

"இல்லை" என்றேன். அடிக்குப் பயம், வேறொன்றுமில்லை.

இரண்டு நாள் தேடிய அம்மா, கடைசியில் கடையில் ஒரு புதுப் போத்தல் வாங்கி, மிளகாய்த்தூளை நிரப்பி, என்னையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். அன்ரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூடியில் விலை ஒட்டிய தடம்கூட இன்னும் போகவில்லை.

"எங்கட போத்தல் எங்க, தங்கச்சி?"

"அது... எங்கையோ தவறிப்போச்சுது அக்கா. வீடு முழுக்கத் தேடிப்போட்டன்."

அம்மா ஒரு போத்தலைத் தொலைப்பார் என்று அந்தக் கட்டடத்தில் யார் நம்புவார்கள்? அன்ரி சிரித்தார். "பரவாயில்லை. மாட்டிறைச்சி புழங்கிற வீட்டுப் போத்தல்தானே. எனக்கு விளங்குது" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

அன்று வேலையால் வந்த அப்பாவிடம் அம்மா சொன்னார்: "அவையின்ர போத்தல் எங்களுக்குத் தீட்டெண்டு எறிஞ்சுபோட்டமெண்டு நினைக்கிறா. நான் என்னெண்டு சொல்லி நம்ப வைக்கிறது?" பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் தலை நிமிரவில்லை. நான்தான் போட்டேன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன், அடுத்த நாளும் அப்படியே படுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அன்ரியின் மகள் வந்து அந்தப் புதுப் போத்தலைத் தந்துவிட்டுப் போனாள். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கதவடியிலேயே நின்றார். கோடை விடுமுறையில் அவர்கள் மொன்றியலுக்கு வீடு மாறியதை நாங்கள் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தோம்.

இப்போது யூனியன்வில்லில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு கடை திறந்திருக்கிறார்கள். சவர்க்காரமும் எண்ணெயும் பருப்பும் வாங்க நாங்களே போத்தல் கொண்டுபோக வேண்டும். வெறும் போத்தலை நிறுத்துப் பார்த்து நிரப்பித் தரும் பெண், நான் ஏதோ பெரிய தியாகம் செய்வதுபோல என்னைப் புகழ்வாள். அங்கே எனக்குப் பெருமையாக இல்லை, ஏக்கமாகத்தான் இருக்கிறது. நிரப்பிய போத்தல்கள் என் வீட்டுக்கு வருகின்றன, என் வீட்டிலேயே முடிகின்றன. அவற்றைத் தேடி யாரும் மாடியேறி வருவதில்லை.

போன மாதம் அங்கிருந்து வந்த கையோடு, என்னோடு இருக்கும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு திட்டமாட்டார் என்று ஒரு துணிவு. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தால், அந்த நேரமே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அவவிட்டச் சொல்லியிருப்பன், பிள்ளை" என்றார். "ரெண்டு மாடிதானே."