முகம் வெளுத்த சாட்சி

மேலகரத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் அது முதலில் எல்லார் முகத்தையும் வெளுத்துவிட்டுத்தான் எனக்கே காட்டும். அந்த செட்டிங்கைப் போட்டது நான்தான். வயலிலும் வெயிலிலும் காய்ந்த மாப்பிள்ளைகள் ஆல்பத்தில் மட்டும் பால்கோவா நிறத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். ஒருமுறை என் மாமனாரையே அளவுக்கு மீறி வெளுத்துவிட்டேன். ஆல்பத்தைப் பார்த்த மாமியார், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து மரியாதையாகப் புரட்டிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட நான், போலி வீடியோக்களைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் தூங்கிவிட்டேன். ஆனாலும் மறுநாளே கடை வாசலில் போர்டு தொங்கியது: 'இங்கு போலி வீடியோ கண்டறியப்படும்.' அதற்குக் கீழே, 'பாஸ்போர்ட் போட்டோ ஐந்து நிமிடத்தில்.'

அந்தப் போர்டைப் பார்த்து வந்த முதல் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் குற்றாலத்து எண்ணெய் மசாஜ் தொழிலாளர் சங்கத் தலைவர். மற்றவர் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருந்த மசாஜ்காரர். அருவிக்குப் போகிற வழியில் உட்கார்ந்து இருபது வருஷமாக ஊர் முதுகுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்தவர்.

விஷயத்தைத் தலைவர்தான் சொன்னார். மசாஜ் இடங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணாச்சி ஒரு எண்ணெயைக் கொடுத்து, இதைத்தான் தேய்க்க வேண்டும் என்றாராம். அது ஆளுக்கெல்லாம் அரிக்கிறது, தேய்க்கமாட்டேன் என்றாராம் இவர். அதற்கு விழுந்த அடிதான் அந்தக் கட்டு. எதிர் லாட்ஜ் மாடியில் நின்ற யாரோ ஒரு டூரிஸ்ட் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். குத்தகைக்காரரோ, அது ஏஐ வைத்துச் செய்த போலி என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியமே செய்துவிட்டார். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வீடியோ நிஜம் என்றால் சங்கமே திரண்டு இவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். போலி என்றால் இவர் பெயரைச் சங்கத்திலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் அருவிப் பக்கம் உட்கார முடியாது.

மசாஜ்காரர் தன் போனை என் மேஜையில் வைத்தார். "இதுல இருக்கு அண்ணாச்சி. நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, அன்று முழுக்க நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். மழை பெய்கிறது. குத்தகைக்காரர் வெள்ளை பனியனோடு, மசாஜ் பலகையின் காலாக இருந்த கட்டையைப் பிடுங்கி ஓங்கி முதல் அடியை முட்டியில் போடுகிறார். ஆள் மடங்கி விழுகிறார். அடுத்த அடி வாயில். பிறகு அவருடைய வலது முழங்கையைக் காலால் மிதித்துக்கொண்டு, மணிக்கட்டைப் பார்த்து மூன்று அடி. மூன்றாவதில் கை போகக்கூடாத பக்கம் மடங்குகிறது. கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தை ஸ்லோமோஷனில் ஓட்டிப் பழகிய விரல், இந்த இடத்தையும் தானாக ஸ்லோமோஷனில் ஓட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன். நிபுணர் கண்ணை மூடலாமா என்று ஒரு டீ குடித்தேன்.

பிறகு வகுப்பில் தந்த மென்பொருளில் அந்தக் கோப்பைக் கொடுத்தேன். குத்தகைக்காரரின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. முகம் செயற்கையாக மாற்றப்பட்டிருக்கிறது என்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கேஸிலேயே போலியைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் காலை சங்கத்துக் கொட்டகையில் லேப்டாப்போடு எழுந்து நின்றேன். கண்ணாடிகூடப் போட்டிருந்தேன், பவர் இல்லாதது. சிவப்புக் கட்டத்தைக் காட்டி, இது போலி என்றேன். குத்தகைக்காரர் எழுந்து வந்து எனக்குத் துண்டு போர்த்தினார்.

மசாஜ்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "நல்லா பாத்தியளா அண்ணாச்சி?"

"மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

நான் சொல்லி முடிக்கவும் குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் மசாஜ்காரரின் நெஞ்சில் மிதித்தான். மல்லாந்து விழுந்தவரின் மாவுக்கட்டின் மேலேயே இன்னொருவன் ஏறி நின்றான். அவருடைய எண்ணெய்ப் பாட்டிலை அவர் தலையிலேயே உடைத்தார்கள். எண்ணெயும் ரத்தமும் கலந்து காதோரம் வழிந்தது. தலைவர் எழுந்து போய் விலக்குவதற்குள் பல் ஒன்று தரையில் கிடந்தது. போர்த்திய துண்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். இதை எழுதும்போதும் அந்தத் துண்டுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

மத்தியானம் குத்தகைக்காரர் வீட்டிலிருந்து புரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும் வந்தன. இலையை கம்ப்யூட்டர் முன்னாலேயே விரித்தேன். தின்றுகொண்டே அந்த வீடியோவை மறுபடி ஓட்டினேன், என் பெருமையை நானே பார்க்க. மசாஜ்காரரின் வாயிலிருந்து வழிகிற ரத்தம் ரோஸ் நிறத்தில் இருந்தது. கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்கு நான் போடும் அதே ரோஸ்.

கையைக் கழுவாமலே மேஜையில் கிடந்த அவர் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது.

இலையை ஒதுக்கிவைத்தேன். என் செட்டிங் வழக்கம்போல அடித்தவனையும் அடிபட்டவனையும் சேர்த்து வெளுத்திருக்கிறது. முகம் மாற்றப்பட்டிருக்கிறது என்று மெஷின் சரியாகத்தான் சொன்னது. மாற்றியவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு, போனில் இருந்ததை அப்படியே மென்பொருளில் கொடுத்தேன். மாற்றியதற்கான அடையாளம் தென்படவில்லை என்றது. இந்தத் தடவை அதை மட்டும் நம்பத் துணிவில்லை. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். தரையில் தேங்கிய மழைத் தண்ணீரில் கட்டையின் பிம்பமும் கூடவே ஏறி இறங்கியது. இரண்டாவது அடியில் குத்தகைக்காரரின் பனியனில் ஒரு சொட்டு ரத்தம் தெறிக்கிறது. கடைசி அடி வரை அந்தச் சொட்டு அதே மடிப்பில் இருந்து, மழையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படர்கிறது.

சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்றும் யோசித்தேன். குத்தகைக்காரரின் இரண்டாவது மகள் கல்யாணத்துக்கும் நான்தான் வீடியோ. ஆனால் தரையில் கிடந்த அந்தப் பல், எங்கே பார்த்தாலும் வந்து நின்றது.

மறுநாள் மறுபடி அதே கொட்டகை. கண்ணாடி போடவில்லை. இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். "மெஷின் மேல தப்பில்ல. நான்தான் வெளுத்துட்டேன். அடி நெஜம்" என்றேன்.

குத்தகைக்காரர் சிரித்தார். "எவ்வளவு வாங்குனலே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தவர், துணைக்கு நான் கொண்டுபோயிருந்த, கேமரா நிறுத்தும் டிரைபாடைத் தூக்கினார். நல்ல கனமான டிரைபாட். விற்றவன் சொன்னபோது நம்பவில்லை. முதல் அடியில் தோள்பட்டை செத்தது. இரண்டாவதில் மூக்கு. மூன்றாவது அடிக்கு நான் பெஞ்சுக்கு அடியில் புகப் பார்த்து, பாதிதான் புகுந்தேன். மிச்சப் பாதியில் எத்தனை விழுந்தது என்று தெரியாது. முந்தின நாள் மசாஜ்காரரின் மாவுக்கட்டில் ஏறி நின்றவனே என் கழுத்தையும் மிதித்தான். பெஞ்சுக்கு அடியிலிருந்து பார்த்தபோது சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் கையிலும் போன். எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரன் அடி வாங்குவதை எடுக்க எவனுக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த வீடியோவை மட்டும் போலி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தலைவரே முன்னால் நடந்தார், சங்கம் முழுக்க ஸ்டேஷனுக்குப் போனது. முதல் புகார் மசாஜ்காரருடையது, இரண்டாவது என்னுடையது. மணிக்கட்டு வீடியோவும் அவர் போனில் இருந்தபடியே, வெளுக்காமல், எழுதிக்கொடுத்த புகாரோடு போனது. அன்று சாயங்காலமே குத்தகைக்காரரைக் கூட்டிப்போனார்கள். மசாஜ்காரருக்கு மறுபடி கட்டுப் போட்ட டாக்டர், விரல் மடங்கும், ஆனால் பழைய அழுத்தம் வருமா தெரியாது என்றாராம். அந்த இரண்டாவது கட்டு என் கணக்கு.

இரண்டு வாரம் கழித்து அருவிப் பக்கம் போனேன். மசாஜ்காரர் தன் பழைய இடத்தில் இடது கையை மட்டும் வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதைக் கேட்கவிடாமல் பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னார். தோளில் எண்ணெய் ஊற்றி, டிரைபாட் விழுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இடது கட்டைவிரலை முழு பலத்தோடு அழுத்தினார்.

"வலிக்கா அண்ணாச்சி?"

உயிர் போனது. "வலிக்கு" என்றேன்.

"அப்ப ஒரிஜினல்தான்" என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு தடவை அழுத்தினார்.