நெஞ்சில் ஒயர் ஒட்டிய நாள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவசர வேலைக்காரர்களின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்க ஒரு டாக்டரம்மா வந்து, என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். உள்ளே கேசட். ஒருநாள் முழுக்கத் துடிப்பு அதில் பதியுமாம்.

"ஏனுங்ணா, திருப்பிப் போட்டா பாட்டு வருமுங்களா?" என்றான் ஹோஸ் பிடிக்கிறவன். எல்லோரும் சிரித்தார்கள். என் கவலை வேறு. துடிப்பு தாறுமாறாக இருந்தால் வண்டியை விட்டு இறக்கிப்போடுவார்கள். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் பதறாம இருங்க" என்று சொல்லித்தான் வீட்டுக்காரி அனுப்பியிருந்தாள். பதறக்கூடாது, பதறக்கூடாது என்றே பதறினேன்.

எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம். போன் அடித்ததுமே டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். போன் அறை ஜன்னலில் கை உயர்ந்தால் தீ. கை ஆடினால் ஒன்றுமில்லை. அன்றைக்கும் அடித்தது. ஓடினேன், சாவியைத் திருப்பினேன், ஜன்னலையே பார்த்தேன். கை ஆடியது. "மேட்னி ஷோவுக்கு டிக்கெட் இருக்குங்களான்னு கேக்கறானுங்ணா!" என்று கத்தினான் போன் எடுக்கிறவன். மறுபடி அடித்தது. மறுபடி ஓட்டம். மறுபடி ராங் நம்பர்.

மதியம் கை உயர்ந்தது. துடியலூரில் பஞ்சுக் கழிவு குடோன். புகைக்குள் பம்ப்பைப் பிடித்து நின்றபோது, இத்தோடு நம் கதை முடிந்தது, எல்லாம் பதிகிறது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து டாக்டரம்மா துடிப்பு வரைந்த நீளமான காகிதத்தையும் எங்கள் போன் அழைப்பு நோட்டையும் ஆபீசர் மேசையில் விரித்தார். "தீகிட்ட நிக்கறப்போ அமைதியாத்தான் இருந்திருக்கீங்க. இங்க பாருங்க, எகிறியிருக்கறதெல்லாம் போன் அடிக்கறப்போ."

ஆபீசர் நல்ல மனுஷர். என் தோளில் கை வைத்தார். "நெஞ்சு விஷயம். வண்டி வேண்டாம். லைட் டியூட்டி போட்டுத்தாரேன்."

"என்ன டியூட்டிங்க?"

"நம்மகிட்ட இருக்கறது ஒண்ணுதானே. போன் ரூம்தான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சார், வேற ஏதாச்சும்..." என்றார். வேறு எதுவும் இல்லை.

"ஃபேனுக்கடியில உக்காந்த வேலை, நல்லதாப் போச்சுங்க" என்றாள் வீட்டுக்காரி.

முதல் நாளே சத்தியமங்கலம் ரோட்டில் லாரி எரிவதாக அழைப்பு. கையை உயர்த்தினேன். வண்டி போய்விட்டது. தீக்குப் பக்கத்தில் போனால் அடங்கிவிடும் நெஞ்சு எனக்கு. இனி தீக்குப் பக்கத்தில் போகவே வழியில்லை. அவர்கள் திரும்பும்வரை நின்றுகொண்டே இருந்தேன். நாற்காலி காலியாகக் கிடந்தது.